காற்றுக்குக் கொடுத்த வேகம்

2022 ஜூலை 31, ஞாயிற்றுக்கிழமை. நள்ளிரவு தாண்டி ஒரு மணியாகச் சற்று நேரம் இருந்தது. சரவாக்கின் கூச்சிங் வானத்தில் தீத்துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டிக் கடந்து போயின. மஞ்சளாகச் சில, சிவப்பாகச் சில, ஓரத்தில் நீலம் படர்ந்தவை சில. ஒவ்வொன்றுக்கும் நீண்ட வால். வெளியே நின்றவர்கள் கைப்பேசியில் பிடித்த காட்சி விடிவதற்குள் கிள்ளானையும் பிரிக்பீல்ட்ஸையும் எட்டிவிட்டது. காலைப் பசியாறலுக்கு முன்பே புலனக் குழுக்களில் வாதம் தொடங்கியிருந்தது. எரிகல் மழை என்றார்கள் பலர்.

காட்சியைக் கவனித்துப் பார்த்தவர்களுக்கு அதில் ஒரு தடயம் கிடைத்திருக்கும். எரிநட்சத்திரம் கண் சிமிட்டும் நேரத்தில் மறைந்துவிடும். அன்று வந்தவையோ வானத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக நெடுநேரம் எடுத்துக்கொண்டன. விண்ணிலிருந்து வரும் கல் நொடிக்கு 11 கிலோமீட்டருக்குக் குறையாத வேகத்தில், சில நேரம் 70 கிலோமீட்டர் வேகத்தில்கூட நுழையும். பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த பொருள் விழும்போது அதன் வேகம் நொடிக்கு எட்டுக் கிலோமீட்டருக்குள் இருக்கும். நிதானமாக நகரும் தீ என்றால் அது பெரும்பாலும் மனிதன் மேலே அனுப்பிய பொருள்.

மலேசிய விண்வெளி நிறுவனமான மைசா அன்றே அதை உறுதிப்படுத்தியது. ஜூலை 24-ஆம் தேதி ஹைனான் தீவின் வென்சாங் ஏவுதளத்திலிருந்து சீனா செலுத்திய லாங் மார்ச் 5பி ராக்கெட்டின் மையப் பகுதி அது. சீன விண்வெளி நிலையத்தின் வென்தியன் ஆய்வுக்கூடத்தை மேலே சேர்த்துவிட்டு, எரிபொருள் தீர்ந்த வெற்று உடலாக ஆறு நாள் பூமியைச் சுற்றியது. நீளம் சுமார் 30 மீட்டர், விட்டம் 5 மீட்டர், எடை 20 டன்னுக்கு மேல். இந்தியப் பெருங்கடலுக்கு மேலே காற்றுமண்டலத்தில் நுழைந்து, போர்னியோவைக் கடந்து, சூலு கடலை நோக்கிச் சிதறிக்கொண்டே போனது. ஆட்களில்லாத வெற்று ராக்கெட், எரிபொருளும் இல்லை. பிறகு ஏன் பற்றி எரிந்தது?

தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டு மாணவரைக் கேட்டாலும் எஸ்.பி.எம். இயற்பியல் எழுதப்போகும் மாணவரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: “காற்றோடு உராய்வதால்.” பல பாடநூல்களிலும் பதில் இதுதான். இதில் ஓரளவு உண்மை உண்டு. அது எவ்வளவு என்பதைப் பிறகு பார்ப்போம். ஆனால் அந்தப் பேரொளிக்கும் பெருவெப்பத்துக்கும் முதற்காரணம் உராய்வு இல்லை. பொருளுக்கு முன்னால் சிக்கிக்கொண்ட காற்று நசுங்குகிறது. நசுங்கும் காற்று சூடாகிறது. அதுதான் முதற்காரணம்.

நசுக்கினால் காற்று எவ்வளவு சூடாகும் என்பதை நம் மண்ணின் மக்கள் அறிவியல் நூல்கள் வருவதற்கு முன்பே தெரிந்து வைத்திருந்தார்கள். மலாய்க்காரர்கள் கோபேக் ஆப்பி என்று அழைத்த ஒரு சிறு கருவி உண்டு. சரவாக்கின் ஈபான் மக்களிடமும் அது இருந்தது. விரல் நீளத்துக்குச் சற்றுப் பெரிய குழல், மரத்திலோ எருமைக் கொம்பிலோ கடைந்தது. அதற்குள் இறுக்கமாகப் போகும் ஒரு தண்டு. தண்டின் நுனியில் சிறு குழி. அதில் பனை இனத்து மரத்திலிருந்து எடுத்த மெல்லிய தும்பைத் திணிப்பார்கள். குழலில் தண்டைப் பொருத்தி, உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி. உடனே வெளியே இழுத்தால் தும்பில் கனல் இருக்கும். தீக்குச்சியும் வேண்டாம், சிக்கிமுக்கிக் கல்லும் வேண்டாம். குழலுக்குள் இருந்த காற்று இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் நொடிப்பொழுதில் நெருக்கப்பட்டால், கணக்கின்படி அதன் வெப்பம் 700 டிகிரி செல்சியஸைத் தொடும். மெதுவாக அழுத்தினால் தும்பு பற்றாது. வெப்பம் குழலின் சுவர் வழியாகக் கசிந்துவிடும். அடி வேகமாக விழவேண்டும். போர்ட் கிள்ளானுக்குப் போகும் ஒவ்வொரு லோரியின் டீசல் எஞ்சினுக்குள்ளும் இதே இயற்பியல்தான் நடக்கிறது.

குழலில் காற்று தப்பாமல் தடுக்கச் சுவர் இருக்கிறது. திறந்த வானத்தில் சுவர் ஏது? அங்கே தடுப்பது வேகம். ஒரு பொருள் வருகிறது என்ற செய்தி காற்றுக்குள் ஒலியின் வேகத்தில்தான் பரவும். நம் வீட்டுக்கு மேலே பறக்கும் விமானம் ஒலியைவிட மெதுவாகப் போவதால், அதற்கு முன்னால் உள்ள காற்று முன்கூட்டியே ஒதுங்கி வழிவிடுகிறது. ராக்கெட் உடல் ஒலியைப்போல் இருபத்தைந்து மடங்குக்கும் மேற்பட்ட வேகத்தில் வருகிறது. முன்னால் இருக்கும் மூலக்கூறுகளுக்குச் செய்தி எட்டுமுன் உலோகமே வந்து சேர்ந்துவிடும். ஒதுங்க நேரமில்லாத காற்று அடுக்கடுக்காகக் குவிந்து, பொருளுக்கு முன்னால் ஒரு மெல்லிய, மிகக் கடுமையான எல்லையை உண்டாக்கும். அதுதான் அதிர்வலை. அந்த எல்லையின் இந்தப் பக்கம் உறைபனிக் குளிர். அந்தப் பக்கம் உலையின் வெப்பம்.

எவ்வளவு சூடாகும் என்பதைக் கணக்கிட எளிய வழி ஒன்றைச் சொல்கிறேன். வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று எழுதி, அதைத் தன்னாலேயே பெருக்கி, இரண்டாயிரத்தால் வகுங்கள். மோதி நிற்கும் காற்று ஏறத்தாழ அத்தனை டிகிரி கூடுதலாகச் சூடாகும். கோலாலம்பூர் விமான நிலையத்துக்கு வந்துபோகும் பயணிகள் விமானம் நொடிக்கு 250 மீட்டர் பறந்தால், அதன் மூக்கில் முப்பது டிகிரி கூடும். வெளியே கழித்தல் ஐம்பது டிகிரிக் குளிர் என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

கான்கார்ட் விமானத்தில் அது பொருட்படுத்த வேண்டிய விஷயமாக இருந்தது. 1977 டிசம்பர் 9-இல் லண்டனிலிருந்து பஹ்ரேன் வழியாகச் சிங்கப்பூருக்குக் கான்கார்ட் சேவை தொடங்கியது நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கலாம். மலாக்கா நீரிணைக்கு மேல் ஒலியை மிஞ்சிப் பறப்பதற்கு மலேசியா எதிர்ப்புத் தெரிவிக்க, மூன்று நடைகளோடு அது நிறுத்தப்பட்டது. 1979-இல் திரும்பி வந்து அடுத்த ஆண்டே முடிந்துபோனது. அந்த விமானத்தின் வேகம் நொடிக்கு 600 மீட்டர். நம் கணக்கில் 180 டிகிரி கூடுகிறது. வெளிக்காற்றின் கழித்தல் 57-ஐச் சேர்த்தால் மூக்கில் 120 டிகிரிக்குச் சற்று மேல் வரவேண்டும். கான்கார்ட் மூக்குக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வெப்பம் 127 டிகிரி. அந்தச் சூட்டில் முழு விமானமும் பறக்கும்போதே பல சென்டிமீட்டர் நீண்டுகொள்ளும்.

இப்போது அதே கணக்கில் நொடிக்கு 7,800 மீட்டரை வையுங்கள். முப்பதாயிரம் டிகிரி வருகிறது. கான்கார்டைவிட வேகம் பதின்மூன்று மடங்கு. வெப்பமோ நூற்றறுபது மடங்குக்கும் மேல். வேகத்தின் வர்க்கத்தோடு வெப்பம் ஏறும் என்பதுதான் இந்த விஷயத்தின் முதுகெலும்பு. 2012 அக்டோபரில் ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர் 39 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பலூனை விட்டுக் குதித்து, மணிக்கு 1,357 கிலோமீட்டர் வேகம் வரை விழுந்தார், அவர் எரியவில்லை. நொடிக்கு 377 மீட்டர் என்ற அந்த வேகத்துக்கு நம் கணக்கு தரும் விடை எழுபது டிகிரிதான். உயரத்திலிருந்து விழுவது மட்டுமே ஒரு பொருளை எரிப்பதில்லை. பக்கவாட்டில் பூமியைச் சுற்றி ஓடிய வேகம்தான் எரிக்கிறது.

முப்பதாயிரம் டிகிரி உண்மையில் வருவதில்லை. அதற்கு முன்பே காற்று தன் இயல்பை மாற்றிக்கொள்கிறது. சில ஆயிரம் டிகிரியில் ஆக்சிஜன் மூலக்கூறுகள் இரண்டிரண்டு அணுக்களாக உடைகின்றன. இன்னும் மேலே போனால் நைட்ரஜனும் உடைகிறது. பிறகு அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் கழன்று பிளாஸ்மா உண்டாகிறது. ஒவ்வோர் உடைப்புக்கும் ஆற்றல் செலவாவதால், அந்த அளவுக்கு வெப்பநிலை ஏறாமல் நிற்கிறது. அப்படியும் அதிர்வலைக்குப் பின்னால் ஆறாயிரம், ஏழாயிரம் டிகிரியை எட்டிவிடும். சூரியனின் மேற்பரப்பு ஐயாயிரத்து ஐந்நூறு டிகிரி. கூச்சிங்கில் பார்த்த ஒளியில் ஒரு பங்கு இந்தக் காற்றின் ஒளி. மறுபங்கு உருகி ஆவியான உலோகத்தின் ஒளி. சாதாரண அர்த்தத்தில் அங்கே நெருப்பு பிடிக்கவேண்டிய அவசியமே இல்லை. ஆக்சிஜன் துளியும் இல்லாத வேற்றுக் கோளின் காற்றில் விழுந்தாலும் இதே ஒளி, இதே உருகல் நடக்கும்.

இத்தனையும் மிக மெல்லிய காற்றில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். 80 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி தரைமட்டத்தில் உள்ளதைப்போல் அறுபதாயிரத்தில் ஒரு பங்கு. ஆய்வுக்கூடத்தில் அதை வெற்றிடம் என்றே சொல்லிவிடலாம். ஆனால் நொடிக்கு எட்டுக் கிலோமீட்டர் நீளத்துக்குக் காற்றை வாரிக்கொண்டு வரும் பொருளுக்கு அந்த மெல்லிய காற்றே போதும்.

இதே தீயின் வழியாக நம் நாட்டு மனிதர் ஒருவர் உயிரோடு இறங்கி வந்திருக்கிறார். அவர் வந்த வழி, நாம் எண்ணியதைவிடக் கடுமையானது. அதை விரிவாகச் சொல்லியாகவேண்டும்.

ரஷ்யாவிடமிருந்து 18 சுகோய் போர் விமானங்களை மலேசியா வாங்கிய ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாக, மலேசியர் ஒருவரை விண்வெளிக்கு அனுப்பும் அங்காசாவான் திட்டம் பிறந்தது. பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். வடிகட்டி வடிகட்டி 2006-இல் நால்வர் எஞ்சினர்: ஷேக் முஸாபர் ஷுக்கோர், ஃபாயிஸ் காலித், முகமது ஃபாயிஸ் கமாலுடின், எஸ். வனஜா. அந்த நால்வரில் ஒரே பெண் வனஜா, பொறியாளர், தமிழர். அவர் இறுதி இருவருக்குள் வரவில்லை. ஆனாலும் பதினோராயிரம் பேரில் நால்வருள் ஒருவராக நின்ற அந்தப் பெயரை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவேண்டும் என்று நினைக்கிறேன். கோலாலம்பூரில் பிறந்த எலும்பு மருத்துவர் ஷேக் முஸாபர் 2007 அக்டோபர் 10-ஆம் தேதி சோயுஸ் டிஎம்ஏ-11 கலத்தில் பைக்கனூரிலிருந்து புறப்பட்டார். நோன்பு மாதம் முடியும் தறுவாய். பெருநாளை விண்வெளி நிலையத்தில் கொண்டாடினார்.

அவர் அக்டோபர் 21-ஆம் தேதி திரும்பியது வேறு கலத்தில், டிஎம்ஏ-10-இல். உடன் வந்தவர்கள் ஃபியோதர் யுர்ச்சிகின், ஒலெக் கோட்டோவ். சோயுஸ் மூன்று பகுதிகளாலானது: முன்னால் உருண்டையான குடியிருப்புப் பகுதி, நடுவில் வீரர்கள் அமரும் இறங்குகலம், பின்னால் எஞ்சினும் எரிபொருளும் கொண்ட சேவைப் பகுதி. எஞ்சின் நான்கரை நிமிடத்துக்கு மேல் எரிந்து, கலத்தின் வேகத்தை நொடிக்கு ஏறத்தாழ 115 மீட்டர் குறைக்கும். ஏழாயிரத்து எழுநூறு மீட்டரில் வெறும் 115! கலம் காற்றுமண்டலத்தைத் தொடும் பாதைக்கு இறங்க அது போதும். மீதமுள்ள வேகம் அத்தனையையும் காற்றுக்குத்தான் கொடுத்தாகவேண்டும்.

எஞ்சினாலேயே முழுவதும் நிறுத்தினால் என்ன என்று கேட்கலாம். ஏழு டன் கலத்தை அப்படி நிறுத்த எழுபது, எண்பது டன் எரிபொருளை விண்வெளிக்குச் சுமந்துபோயிருக்க வேண்டும். ஏழு டன் கலத்தை மேலே ஏற்றவே முந்நூறு டன் ராக்கெட் தேவைப்படுகிறது என்றால், எண்பது டன்னை ஏற்ற நிலவுக்குப் போன சாட்டர்ன் 5 அளவுக்கு ஒன்று வேண்டும். ஆகவே காற்றுதான் பிரேக். வெப்பம் என்பது அந்த பிரேக் பிடிக்கும்போது வெளியேறும் வேகம்தான். அதை ஒழிக்க முடியாது. அதில் எவ்வளவு காற்றிலேயே தங்கும், எவ்வளவு கலத்துக்குள் இறங்கும் என்பதை மட்டுமே மனிதன் தீர்மானிக்க முடியும்.

சுமார் 140 கிலோமீட்டர் உயரத்தில் மூன்று பகுதிகளும் தனித்தனியே பிரியும். பிரிந்த வேகம் ஒன்று, உயரம் ஒன்று, நேரம் ஒன்று. குடியிருப்புப் பகுதியும் சேவைப் பகுதியும் உருக்குலைந்து எரிந்துபோகும். நடுவில் இருந்த 2.9 டன் கலம் மட்டும் மனிதர்களோடு தரைக்கு வரும். இந்த வேறுபாட்டுக்குள்தான் முழு விளக்கமும் அடங்கியிருக்கிறது.

இதற்கான விடையைக் கண்டவர் கலிபோர்னியாவின் ஏம்ஸ் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ஜூலியன் ஆலன். 1950-களின் தொடக்கத்தில் எல்லோரும் ஏவுகணையின் மூக்கு ஊசிபோல் கூராக இருக்கவேண்டும் என்றே எண்ணினார்கள். கூரானது காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், எதிர்ப்புக் குறையும், சூடும் குறையும் என்பது எதிர்பார்ப்பு. சோதனையில் வைத்த மாதிரிகள் எல்லாம் உருகிக் காணாமல் போயின. 1951 வாக்கில் ஆலன் நேர்மாறாக யோசித்தார். மூக்கை மொட்டையாக, அகலமாக வைத்தால் அதிர்வலை உடலோடு ஒட்டாமல் முன்னால் தள்ளி நிற்கும். சூடான காற்றும் உடலைத் தொடாமல் பக்கவாட்டில் வழிந்து ஓடிவிடும். ஆல்ஃபிரட் எக்கர்ஸ் என்பவருடன் சேர்ந்து அவர் எழுதிய அறிக்கை சில ஆண்டுகள் இரகசியமாக வைக்கப்பட்டு, 1958-இல் பொதுவெளிக்கு வந்தது.

உராய்வுக்கு உரிய பங்கை அந்த அறிக்கை துல்லியமாகச் சொல்லிவிடுகிறது. ஒரு பொருளை உராய்வு மட்டுமே மெதுவாக்கினால், வெளியேறும் வெப்பத்தில் பாதி அந்தப் பொருளுக்குள்ளேயே போய்ச் சேரும். நசுங்கிய காற்றின் அழுத்தம் மெதுவாக்கினால், வெப்பம் பெரும்பாலும் காற்றிலேயே தங்கிவிடும். பொருளுக்கு வருவது நூற்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். ஆகவே காற்றைச் சூடாக்குவது நெருக்கம். அந்தச் சூட்டில் ஒரு பங்கை உலோகத்தின் தோலுக்குக் கொண்டுவருவதில் உராய்வுக்குப் பங்கு உண்டு. கூர்மூக்கு, உராய்வின் பங்கைப் பெரிதாக்கிக்கொண்டது. மொட்டைமூக்கு அழுத்தத்தை நம்பியது. எதிர்ப்பைக் கூட்டினால் சூடு குறையும் என்ற இந்த முடிவு இயற்பியலின் அழகான திருப்பங்களில் ஒன்று என்றே எனக்குத் தோன்றுகிறது. அதன் பிறகு மனிதரை ஏற்றி வந்த எல்லாக் கலங்களின் முன்பக்கமும் மழுங்கியே இருக்கின்றன. சோயுஸ் இறங்குகலத்தின் அடிப்பாகமும் அப்படித்தான்.

நூற்றில் ஒரு பங்கு என்றாலும் அது கொஞ்சம் இல்லை. சுற்றுப்பாதை வேகத்தில் ஒவ்வொரு கிலோவும் 30 மெகாஜூல் ஆற்றலைச் சுமக்கிறது. ஒரு கிலோ டிஎன்டி வெடிமருந்தில் இருப்பதைப்போல் ஏழு மடங்கு. ஒரு கிலோ இரும்பைக் கொதிக்கவைத்து ஆவியாக்கத் தேவைப்படுவதைப்போல் நான்கு மடங்கு. அந்த ஒரு பங்கைச் சமாளிக்கத்தான் கவசம். சோயுஸின் அடியில் பிசின் ஊறிய இழைகளால் ஆன தடித்த கவசம் இருக்கிறது. அது கரிந்து, ஆவியாகி, அடுக்கடுக்காக உதிர்ந்து போகும். போகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகும். வெளியேறும் ஆவியே கவசத்துக்கு மேல் ஒரு படலமாக நின்று சூடான காற்றைச் சற்றுத் தள்ளிவைக்கும். கலத்துக்குள் இருப்பவர் சன்னலில் ஆரஞ்சு ஒளியையும், கண்ணாடி கறுத்துப்போவதையும் பார்ப்பார். பிளாஸ்மா போர்வை வானொலி அலைகளைத் தடுப்பதால் சில நிமிடம் தொடர்பு அறுந்துபோகும்.

டிஎம்ஏ-10-இல் அன்று இன்னொன்றும் நடந்தது. சோயுஸ் கலத்தின் எடை நடுவிலிருந்து சற்று விலகி இருப்பதால், அது சாய்ந்தபடி இறங்கும். அந்தச் சாய்வு கொஞ்சம் தூக்குவிசையைத் தரும். அதைப் பயன்படுத்திக் கலம் மெல்லிய காற்றில் அதிக நேரம் தங்கி, படிப்படியாக வேகத்தைக் கொடுக்கும். அப்போது உடல்மேல் அழுத்தும் விசை எடையைப்போல் நான்கைந்து மடங்குக்குள் நிற்கும். அன்று வழிநடத்தல் அந்தப் பாதையிலிருந்து மாறிவிட்டது. கலம் மெதுவாகச் சுழலத் தொடங்கி, தூக்குவிசை எல்லாப் பக்கமும் பரவி ஒன்றுமில்லாமல் போய், எறியப்பட்ட கல்லைப்போல் செங்குத்தான பாதையில் இறங்கியது. இதுவும் அந்தக் கலத்தின் வடிவமைப்பிலேயே உள்ள மாற்று வழிதான். ஆனால் அடர்ந்த காற்றை விரைவாகச் சந்திப்பதால் உடல்மேல் எட்டு, ஒன்பது மடங்கு எடை ஏறும். எழுபது கிலோ மனிதருக்கு அறுநூறு கிலோ மார்மேல் இருப்பதாகத் தோன்றும். வெப்பத்தின் உச்சம் கூடும். ஆனால் இறக்கம் சீக்கிரம் முடிவதால் மொத்தமாக உள்வாங்கும் வெப்பம் குறையும்.

பத்துக் கிலோமீட்டருக்குச் சற்று மேலே பாராசூட் விரிந்தபோது, நொடிக்கு ஏழாயிரத்துச் சொச்சம் மீட்டராக இருந்த வேகம் இருநூற்றுச் சொச்சமாகிவிட்டிருந்தது. மலேசிய நேரப்படி மாலை 6.36-க்கு மூவரும் கசக்ஸ்தான் புல்வெளியில் இறங்கினார்கள், குறித்த இடத்திலிருந்து முந்நூற்று நாற்பது கிலோமீட்டர் தள்ளி. மூவரும் நலம். மோசமான வழியில் வந்தும் கலம் தாங்கியதற்கு ஆலனின் மொட்டைமூக்குக் கணக்கும், உதிர்ந்துபோன அந்தக் கவசமும் காரணம்.

அதே 2007 ஜனவரியில் இந்தியாவும் இந்தப் பாடத்தில் தேர்ச்சி பெற்றது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 10-ஆம் தேதி அனுப்பிய 550 கிலோ எஸ்ஆர்ஈ-1 கலம், பன்னிரண்டு நாள் கழித்து வங்காள விரிகுடாவில் பத்திரமாக விழுந்து மீட்கப்பட்டது. அதன் கவசத்தைத் திருவனந்தபுரத்தின் விக்ரம் சாராபாய் மையம் சிலிக்கா ஓடுகளாலும் கார்பன் கலவையாலும் உருவாக்கியிருந்தது.

கவசத்தில் ஒரு துளை விழுந்தால் என்ன நடக்கும் என்பதை 2003 பிப்ரவரி 1-ஆம் தேதி உலகம் பார்த்தது. கொலம்பியா விண்ணோடத்தின் இடது இறக்கையில், புறப்பாட்டின்போது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு மோதி ஓட்டையிட்டிருந்தது. பதினாறு நாள் அது யாருக்கும் தொல்லை தரவில்லை. விண்வெளியில் காற்று இல்லையே. திரும்பும்போது நசுங்கிச் சூடான காற்று அந்த ஓட்டை வழியே இறக்கைக்குள் நுழைந்தது. உள்ளே இருந்தது அலுமினியச் சட்டம். 177 டிகிரிக்கு மேல் போகவிடக்கூடாது என்று வடிவமைக்கப்பட்டது. தரையிறங்கப் பதினாறு நிமிடம் இருக்கும்போது, டெக்சாஸ் வானில் அறுபது கிலோமீட்டர் உயரத்தில் கலம் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட எழுவர் உயிரிழந்தனர்.

மீண்டும் கற்களுக்கு வருவோம். ஆகஸ்டில் பெர்சீட் எரிகற்கள் நொடிக்கு 59 கிலோமீட்டர் வேகத்தில் வருகின்றன. பெரும்பாலானவை மணல் பருமன்கூட இருக்காது. நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஒளிரத் தொடங்கி எண்பதுக்குள் தீர்ந்துவிடும். கிள்ளான் பள்ளத்தாக்கின் விளக்கு வெளிச்சத்தில் இவற்றில் பெரும்பாலானவை நமக்குத் தெரிவதில்லை. கோல சிலாங்கூர் பக்கம், சபாக் பெர்ணம் வயல்வெளிப் பக்கம் போனால் கண்ணுக்குக் கிடைக்கும்.

பெரிய கல் என்றால் கதை வேறு. 2013 பிப்ரவரி 15-இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேல் வந்த கல் சுமார் இருபது மீட்டர் அகலம், நொடிக்கு 19 கிலோமீட்டர் வேகம். அதைச் சூடு உருக்கித் தீர்ப்பதற்குள் முன்பக்க அழுத்தமே உடைத்து நொறுக்கியது. முப்பது கிலோமீட்டர் உயரத்தில் வெடித்த அதிர்வில் கண்ணாடிகள் நொறுங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர்.

தரைக்கு வந்து சேரும் விண்கல் தகதகவென்று எரிந்துகொண்டிருக்கும் என்று சினிமா காட்டுவதை நம்பவேண்டாம். வெப்பம் தோலை உருக்கி உருக்கி வழித்தெடுத்துவிடுவதால், உள்ளே போக அதற்கு நேரமே கிடைப்பதில்லை. இருபது கிலோமீட்டருக்குக் கீழே வேகம் போய்விட்ட கல், ஒளியில்லாமல் சில நிமிடம் கடுங்குளிர்க் காற்றில் விழுகிறது. விண்வெளியின் குளிர் உள்ளே அப்படியே இருக்கும். மேலே மெல்லிய கறுப்புத் தோல் மட்டும் தீயைப் பார்த்த சாட்சி. 1857 பிப்ரவரி 28-இல் மதுரைச் சீமையில் விழுந்த கல்லுக்கு விண்கல் பதிவேடுகளில் பார்நல்லி என்று பெயர். அதன் துண்டு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சூரியக் குடும்பம் பிறந்த காலத்துச் சிறுமணிகள் அதற்குள் உருகாமல் இருப்பதால்தான் ஆய்வாளர்கள் அதை இன்னும் எடுத்துப் பார்க்கிறார்கள்.

லாங் மார்ச் 5பி-யும் முழுவதும் எரியவில்லை. சரவாக்கிலும், எல்லைக்கு அப்பால் மேற்குக் கலிமந்தானின் சாங்காவ் பகுதியிலும் உலோகத் துண்டுகள் கிடைத்தன. பெரிய பொருள் கட்டுப்பாடின்றி விழுந்தால் அதன் எடையில் இருபதிலிருந்து நாற்பது விழுக்காடு தரைக்கு வரலாம் என்பது இத்துறையினரின் பொதுக்கணக்கு. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். முதலில் போவது அதுதான். டைட்டானியத்துக்கு 1,668 டிகிரி வேண்டும். எஞ்சின் பாகங்களும் அழுத்தத் தொட்டிகளும் வெளி ஓடு உருகும்வரை உள்ளே மறைந்திருக்கும். வெளிப்படும்போது வேகம் பாதி போயிருக்கும், சூடும் தணிந்திருக்கும்.

எங்கே விழும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாதா? மேல்காற்று நாளுக்கு நாள் ஒரே அளவாக இல்லை. சூரியன் சீறும்போது அது உப்பி உயரும். விழும் பொருளை முன்னதாகவே பிடித்து இழுக்கும். நேரக் கணிப்பில் ஒரு மணி நேரம் பிசகினால், இடக் கணிப்பில் 28,000 கிலோமீட்டர் பிசகும். அந்த ராக்கெட்டின் பாதை வடக்கே 41 டிகிரிக்கும் தெற்கே 41 டிகிரிக்கும் இடையில் ஓடியது. கோலாலம்பூர், சென்னை, யாழ்ப்பாணம் எல்லாம் அந்தப் பட்டைக்குள்தான். 2020-இல் இதே வகை ராக்கெட்டின் நீண்ட குழாய்கள் ஐவரி கோஸ்ட் கிராமங்களில் விழுந்திருந்தன. மற்றப் பெரிய ராக்கெட்டுகளின் அடிப்பகுதிகள் சுற்றுப்பாதைக்குப் போகாமலே கடலில் விழும்படி திட்டமிடப்படுகின்றன. மேலே போனவற்றில் பலவற்றை எஞ்சினை மீண்டும் இயக்கித் தென்பசிபிக்கின் ஆளற்ற பரப்பில் இறக்குகிறார்கள். லாங் மார்ச் 5பி-யின் மையப் பகுதியில் எஞ்சினை மீண்டும் இயக்கும் வசதி இருக்கவில்லை. இருபது டன் உலோகத்தைக் காற்றின் போக்குக்கு விட்டுவிடுவது ஏற்கத்தக்கது என்று எனக்குத் தோன்றவில்லை. நம் தலைக்குமேல் வரும் பாதையைத் தேர்ந்தவர்கள், அதை எங்கே இறக்குவது என்பதையும் சேர்த்துத் திட்டமிட்டிருக்க வேண்டும்.

இதற்காகவே இன்று செயற்கைக்கோள் வடிவமைப்பாளர்கள் ஆலன் செய்ததற்கு எதிர்த்திசையில் உழைக்கிறார்கள். விழும்போது ஒன்றும் மிஞ்சாமல் எரிய என்ன செய்வது என்பதே அவர்கள் கேள்வி. டைட்டானியத் தொட்டிக்குப் பதில் அலுமினியத் தொட்டி. உயரத்திலேயே உடைந்து திறந்துகொள்ளும் இணைப்புகள். உள்ளிருக்கும் கனமான பாகங்களுக்குத் தீ சீக்கிரம் எட்டும் அமைப்பு. தரையில் இருப்பவருக்குக் காயம் நேரும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்குக் கீழே இருக்கவேண்டும் என்பது நாசா உள்ளிட்ட அமைப்புகள் வைத்திருக்கும் அளவுகோல்.

எரிந்த உலோகமும் எங்கேயோ போகத்தானே வேண்டும்? 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக அமெரிக்க ஆய்வாளர்கள் 19 கிலோமீட்டர் உயரத்தில் விமானம் செலுத்தி, அடுக்குமண்டலத்தின் கந்தக அமிலத் துகள்களைச் சேகரித்துச் சோதித்தார்கள். அவற்றில் பெரிய துகள்களில் பத்தில் ஒன்றில், ராக்கெட்டுகளும் செயற்கைக்கோள்களும் எரிந்ததால் வந்த அலுமினியமும் வேறு உலோகங்களும் இருந்தன. ஓசோன் படலம் இருப்பதும் அந்த உயரத்தில்தான். ஆயிரக்கணக்கான செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ ஐந்தாண்டில் எரிந்து விழுமாறு அனுப்பப்படும் இந்தக் காலத்தில், அந்தத் துகள்கள் ஓசோனையும் மேகங்களையும் என்ன செய்யும் என்பதை வளிமண்டல வேதியியலாளர்கள் இப்போதுதான் அளக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.